கிரியையும் ஒப்பாரியும்: தமிழ்ச் சாவு வீட்டின் வரலாறு

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சாவு நேர்ந்த வீட்டில் ஒரே வேளையில் இரண்டு காரியங்கள் நடந்து வந்திருக்கின்றன. குருக்களோ பண்டாரமோ ஓதுவாரோ வழிநடத்த, மகனும் பங்காளிகளும் முற்றத்தில் செய்யும் சடங்குகள் ஒன்று. இவற்றைச் சைவ நூல்கள் அபரக்கிரியை, அதாவது இறந்தபின் செய்யப்படுபவை, என்று வகுக்கின்றன. உள்ளே, கிடத்தப்பட்ட உடலைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்துப் பெண்கள் பாடி அழும் ஒப்பாரி மற்றொன்று. முன்னது இறந்தவரின் உயிர் இனிப் போக வேண்டிய வழியைப் பற்றியது. பின்னது இருப்பவர்கள் இனிக் கழிக்க வேண்டிய நாட்களைப் பற்றியது. ஈமச்சடங்கு என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் சேர்த்து எழுதுவது வழக்கமாகிவிட்டாலும், அவற்றின் வரலாறுகள் வேறு. கிரியை சமயத்தோடு சேர்ந்து மாறியது. பௌத்தமும் சமணமும் சைவமும் வந்தபோது அந்தந்தச் சமயத்தின் மறுமைக் கொள்கைக்கு ஏற்ப அது தன்னைத் திருத்திக்கொண்டது. அழுகையோ எந்தச் சமயம் தந்த ஆறுதலையும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கிரியைக்கான சான்று அழுகைக்கான சான்றைவிடப் பழையது, ஏனெனில் மண்ணில் எஞ்சுவது சடங்கின் பொருளே. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரின் பரம்பு மேட்டை 1876இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் என்பவரும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தபோது, இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைத்த பெரிய மண்சாடிகளான முதுமக்கள் தாழிகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. இரும்பு ஆயுதங்களும், வெண்கலப் பாத்திரங்களும், நெற்றியில் கட்டுவதற்கான மெல்லிய பொற்பட்டங்களும், சிறு கலங்களில் நெல், சாமை போன்ற தானியங்களின் உமியும் அவற்றோடு கிடைத்தன. 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. இறந்தவருக்கு இனியும் உணவும் கருவியும் தேவைப்படும் என்று வைத்தவர்கள் கருதினார்கள் என்பதற்கு மேல் இந்தப் பொருட்களிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்வது கடினம். வைத்தவர்கள் எப்படி அழுதார்கள் என்பதற்குப் பாட்டைத்தான் நாட வேண்டும்.

தாழி புறநானூற்றிலும் வருகிறது, ஆனால் அங்கே அது தொல்பொருள் அன்று, குயவனிடம் கேட்டு வாங்கும் பண்டம். 228ஆம் பாட்டில், சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார், அவ்வளவு பெரிய புகழுடையவனைக் கவிக்கும் தாழியை எந்த மண்ணைக் கொண்டு எந்தச் சக்கரத்தில் வனையப்போகிறாய் என்று குயவனை நோக்கி இரங்குகிறார். 256ஆம் பாட்டின் பெண் வேறொன்று கேட்கிறாள்: வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லியைப் போலக் கணவனோடு பாலை வழியில் வந்தவளாதலால், தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். மறுமையில் அவனைச் சேர்வாள் என்ற உறுதிமொழி பாட்டில் இல்லை. அவள் கேட்பது சாடியின் வாய் அகலம் மட்டுமே.

சங்கப் புலவர்களின் இரங்கல் பெரும்பாலும் இப்படி வீட்டுப் பொருளைக் கொண்டே இழப்பை அளக்கிறது. ஒக்கூர் மாசாத்தனாரின் பாட்டில் (புறம் 248) கைம்பெண் ஒருத்தி ஆம்பலைப் பற்றிப் பேசுகிறாள். இளமையில் தழையாடையாக உதவிய அதே செடி, கணவன் இறந்தபின், வேளை தவறி உண்ணும் புல்லரிசியைத் தருகிறது என்பதே அவள் சொல்லும் செய்தி. கணவனை இழந்தவள் நெல்லரிசியை விலக்கி அல்லியரிசி உண்ணும் இந்நோன்பு வாழ்க்கையை இலக்கணநூலார் தாபதநிலை என்பர். தொல்காப்பியப் புறத்திணையியல், நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சித்திணையில் சாவைச் சார்ந்த துறைகளை வகுக்கும்போது, தாபதநிலையோடு, மனைவியை இழந்தவன் தனித்திருக்கும் தபுதாரநிலை, கணவனை இழந்தவள் காட்டிடையே புலம்பும் முதுபாலை, தலைவனை இழந்தோர் செயலற்று நிற்கும் கையறுநிலை, சுடுகாட்டைப் போற்றும் காடு வாழ்த்து ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. அதன் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு என்கிறது. இழிவுபடுத்தப்படுதலும் வறுமையும் சாவுக்கு இணையாக அழுகைக்குக் காரணமாக வைக்கப்பட்டிருப்பது, பிற்கால ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு வியப்பளிக்காது. இலக்கணநூல் தனித்தனியாகப் பிரித்த நான்கும் அங்கே ஒரே மூச்சில் வரும்.

ஆண்கள் அழுததற்கும் பாட்டுண்டு. மனைவியை எரியூட்டிவிட்டு நின்ற சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியதாக உள்ள 245ஆம் பாட்டு, துயரத்தின் அளவைப் பற்றிய ஒரு தருக்கமாகவே அமைந்திருக்கிறது: எவ்வளவு பெரிய நோய் என்று சொல்லிக்கொண்டாலும், அது உயிரைக் கொல்லவில்லையென்றால் அதன் பெருமைதான் என்ன? அவள் கள்ளி படர்ந்த களரில் நெருப்புப் படுக்கையில் கிடக்க, தான் இன்னும் உயிரோடிருப்பதை அவன் வெட்கத்தோடு குறிப்பிடுகிறான். தன்னைத் தேற்றிக்கொள்ள விதியையோ வினையையோ அவன் துணைக்கு அழைக்கவில்லை. பக்குடுக்கை நன்கணியாரின் 194ஆம் பாட்டு இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒரு வீட்டில் சாப்பறையாகிய நெய்தற்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும்படி உலகை ஆக்கியவனையே பண்பில்லாதவன் என்று ஏசுகிறது. தமிழில் துயரமும் இறைவனும் நேருக்கு நேர் சந்திக்கும் மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று, சந்திப்பு இனிமையாக அமையவில்லை.

சமண முனிவர்கள் பாடியதாகக் கருதப்படும் நாலடியார் இதே பறையை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போகிறது. அங்கே மணப்பறையும் பிணப்பறையும் ஒரே நாளில் ஒரே வீட்டில் ஒலிக்கின்றன. ஆகவே பிழைத்துப்போக வேண்டும் என்று அறிவுடையோர் துறவை நாடுவர் என்பது முடிவு. செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையைப் பேசும் அதிகாரங்களை நூலின் முகப்பிலேயே வைத்த இத்தொகுப்பில் சாவு என்பது ஒரு பாடம், அழுவதற்கான நேரம் அன்று. பௌத்தக் காப்பியமான மணிமேகலை, சுடுதல், வெட்டவெளியில் இடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியில் கவித்தல் என்று இறந்தோரை அடக்கும் ஐந்து முறைகளைச் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் பாகுபாடின்றி அடுக்கிக் காட்டுகிறது. அக்காலத்தில் கிரியைகள் எவ்வளவு பலவாக இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்றில்லை. அதே நூலில், மகன் உதயகுமரனை இழந்த அரசியிடம் மணிமேகலை, நீ அழுதது உடலுக்கா, உயிருக்கா என்று கேட்கிறாள். உடலுக்கு என்றால் அதை எடுத்துச் சென்று சுடுகாட்டில் இட்டது யார். உயிருக்கு என்றால் அது வினைவழியே புகுந்த இடம் அறிய முடியாதது, ஆகவே அதன்மேல் அன்புடையவள் எல்லா உயிருக்கும் இரங்க வேண்டும் என்று வாதம் போகிறது. பிள்ளையை இழந்த தாயிடம் இப்படிக் கேட்பது தருக்கத்துக்குச் சரியாக இருக்கலாம். சாவு வீட்டில் உட்கார்ந்து அழுதவர்கள் இதை ஏற்றார்கள் என்று எண்ண இடமில்லை.

சைவம் இதைவிட நுட்பமான வழியைக் கண்டது. மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் உள்ள திருப்பொற்சுண்ணம், இறைவன் நீராடுவதற்கான வாசனைப் பொடியை இளம்பெண்கள் உரலில் இடித்தபடி பாடுவதாக அமைந்த இருபது பாட்டுகளைக் கொண்டது. பாட்டு முழுதும் களிப்பும் துள்ளலும் நிறைந்தது. இந்தப் பாட்டே சைவர் சாவு வீட்டில், சிறப்பாக யாழ்ப்பாணத்தில், சுண்ணம் இடித்தல் என்ற சடங்கின்போது ஓதப்படுகிறது. மஞ்சள் முதலியவற்றை உரலில் இட்டு உலக்கையால் இடித்து, அந்தப் பொடியை இறந்தவர் உடலுக்கு அணிவர். இறைவனின் திருமேனிக்குரிய பொடி பிணத்துக்கு ஆகும்போது, பிணம் திருமேனிக்கு ஒப்பாகிவிடுகிறது. அழுகைக்குரிய பொருள் வழிபாட்டுக்குரிய பொருளாக மாற்றப்படுகிறது. அழாதே என்று சொல்லாமலே அழுகையைக் கடக்க வைக்கும் ஏற்பாடு இது. ஆயினும் ஓதுவார் பாடி முடித்ததும் உள்ளேயிருந்து ஒப்பாரி மீண்டும் எழுவது வழக்கமாக இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை, ஒன்றுக்கொன்று விடை சொல்வதுமில்லை.

துறவியே அழுத கதையையும் சைவ மரபு மறைக்காமல் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுப் போன பட்டினத்தார், தாய் இறந்தபோது ஊருக்குத் திரும்பி, பச்சை வாழை மட்டைகளை அடுக்கி எரியூட்டினார் என்பது வரலாறாகச் சொல்லப்படும் கதை. அப்போது அவர் பாடியதாக வழங்கும் பத்துப் பாட்டுகள், சுமந்து பெற்றவளுக்கும் ஊட்டி வளர்த்தவளுக்கும் எப்படித் தீ வைப்பேன் என்று கேட்டு, பின்பு சிவனிடம் அவளை ஒப்படைத்து முடிகின்றன. கேள்வி ஒப்பாரிக்குரியது, முடிவு கிரியைக்குரியது. சுடுகாட்டில் ஆண்கள் பாடி அழத் தமிழ் மரபு தந்த அனுமதி ஏறத்தாழ இந்தப் பத்துப் பாட்டுகளோடு முடிந்துவிடுகிறது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதை வழக்கம் தடுத்ததால் அவர்களுடைய அழுகை தெருமுனையோடு நின்றது.

அந்த அழுகையின் உள்ளடக்கம் என்ன என்பதை ஏட்டு இலக்கியம் நெடுங்காலம் கவனிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அச்சு மலிந்தபின் ஒப்பாரிப் பாட்டுகள் மலிவு விலைச் சிறு நூல்களாக வெளிவந்தன. பெர்சி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிவைத்த நாட்டுப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’ என்ற பெயரில் பதிப்பித்தார், நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ ஒப்பாரியைச் சமூக ஆவணமாகவே அணுகியது. இத்தொகுப்புகளைப் படிப்பவர் முதலில் கவனிப்பது, இறந்தவரின் உயிர் எங்கே போயிற்று என்ற பேச்சு அவற்றில் எவ்வளவு குறைவு என்பதைத்தான். தாய்க்கு அழும் மகள், இனிப் பிறந்த வீட்டு வாசல் தனக்கு அடைத்துவிட்டது என்றும், அண்ணன் மனைவியின் சொல்லைக் கேட்டுத்தான் அங்கே ஒருவேளைச் சோறு உண்ண வேண்டும் என்றும் சொல்லி அழுகிறாள். கணவனுக்கு அழுபவள், மங்கல காரியங்களில் முன்னே நின்றவள் இனி மூலையில் நிற்கப்போவதைச் சொல்கிறாள். வயலும் பாகமும் கடனும் வருகின்றன. கோடித்துணி, அதாவது பிறந்த வீட்டார் போடும் புதுத்துணி, தகுதிக்குக் குறைந்திருந்தால் அதுவும் வருகிறது. வேறெந்த நாளிலும் வாய்திறந்து சொல்ல முடியாத குறைகளை, கேட்க வேண்டியவர்கள் அனைவரும் கூடியிருக்கும் ஒரே நாளில், அழுகையின் பாதுகாப்போடு சொல்லிவிட முடிந்தது. தென்னார்க்காட்டுப் பகுதியில் களஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே, இந்தப் பெண்கள் இறந்தவருக்காக அழுவதில்லை, தங்களுக்காகவே அழுகிறார்கள் என்ற கருத்தை 2005இல் வெளியான தம் நூலின் தலைப்பிலேயே வைத்தார். கூற்று சற்றுக் கடுமையானது. இறந்தவரால் கிடைத்திருந்த இடத்தை இழந்தவள் தனக்காக அழும்போது அவருக்காகவும் அழுகிறாள் என்பதை ஆம்பலரிசிப் பாட்டே காட்டிவிடுகிறது, ஆயினும் மறுமை ஒப்பாரியின் பொருள் அன்று என்ற அளவில் அவர் கண்டது சரியே.

கிறித்தவம் வந்தபோது மோதல் வெளிப்படையாயிற்று. நம்பிக்கையற்றோரைப் போலத் துக்கப்பட வேண்டாம் என்ற பொருளில் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைப் பின்பற்றிய சபைகளுக்கு, மார்பிலடித்து அழும் மாரடிப் பாட்டு உயிர்த்தெழுதலை மறுப்பதாகவே பட்டது. கத்தோலிக்கம் கண்டது மற்றொரு வழி. கோவாவில் 1676இல் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் அங்கேயே இறந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்களுள் இயேசுவின் பாடுகளைப் பற்றிய வியாகுலப் பிரசங்கமும் ஒன்று. தவக்காலத்திலும் பெரிய வெள்ளியன்றும் அதைப் புலம்பல் இராகத்தில் ஊரார் கூடி வாசிப்பது வழக்கமாயிற்று. வீட்டில் அடக்கச் சொன்ன குரலுக்குக் கோயிலில் ஒரு சாவு கொடுக்கப்பட்டது. இஸ்லாமியர் மௌத்து வீட்டில் உரத்த புலம்பலை மார்க்க அறிஞர்கள் விலக்கினர். நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட இத்தா என்ற காத்திருப்பு, கணவனை இழந்தவளின் துக்கத்துக்கு ஒரு கால எல்லையை விதித்தது.

சாவு வீட்டின் ஒலிகளுள் ஒன்று மட்டும் துக்கப்பட்டவர்களிடமிருந்து வரவில்லை. பறையடிப்பதும், சாவுச் செய்தி சொல்லப் போவதும், சுடலையில் பிணத்தைக் காத்து எரிப்பதும் குறிப்பிட்ட சாதியாரின் பரம்பரைக் கடமையாக்கப்பட்டிருந்தன; கூலி அறுவடைக் காலத்துத் தானியமாகவும், சாவன்று கிடைக்கும் சில்லறையும் துணியுமாகவும் வந்தது. சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல்லருகே பாடையை இறக்கி வைத்து, சுடலை காத்த அந்த மன்னனின் பெயரால் அனுமதி கேட்கும் வழக்கம், இந்த வேலைக்கு ஒரு புராணப் பெருமையைக் கொடுத்ததே தவிர, வேலையைச் செய்தவருக்கு ஊரில் இடத்தைக் கொடுக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் சேரிகளிலிருந்து எழுந்த மறுப்பு இங்கேதான் தொடங்கியது. தீண்டாமை பற்றி ஆராய 1965இல் மைய அரசு அமைத்து 1969இல் அறிக்கை தந்த குழுவுக்குத் தலைமை வகித்த தென்னார்க்காட்டு எல். இளையபெருமாள், பறையடிக்கும் கட்டாயத்தை எதிர்த்தவர்களுள் முக்கியமானவர். பிறர் வீட்டுத் துக்கத்துக்கு அடிக்க மாட்டோம் என்றது துக்கத்தை அவமதிப்பதாக அன்று பேசப்பட்டது; ஊர் தன் துக்கத்தின் உடலுழைப்பை யார் மேல் சுமத்தியிருந்தது என்பதை அந்த மறுப்பு வெளிப்படுத்தியது என்பதே சரி.

சுயமரியாதை இயக்கம் கிரியையையும் அழுகையையும் சேர்த்தே விலக்க முயன்றது. 1933 மே மாதம் நாகம்மையார் இறந்தபோது பெரியார் ‘குடிஅரசு’ இதழில் எழுதிய இரங்கல் கட்டுரை, மனைவியின் மறைவை இயக்கப் பணிக்குக் கிடைத்த கூடுதல் விடுதலையாகக் கொள்ளலாம் என்று வாதிடுகிறது. ஆனால் அதற்குமுன், தன்னிடமிருந்து எது போயிற்று என்று சொல்வது என்ற கேள்வியை எழுப்பி, வாழ்வின் ஒவ்வொரு பற்றாக அடுக்கிக்கொண்டே போகிறது. மறுமையையும் ஆன்மாவையும் ஏற்காதவர், சடங்கு வேண்டாம் என்றவர், இழந்ததை எண்ணி அடுக்கும் பழைய முறையை மட்டும் விட முடியாதவராக அங்கே தெரிகிறார்.

சமயங்களால் அடக்க முடியாத ஒப்பாரி, கடந்த இரண்டு மூன்று தலைமுறைகளில் பெரும்பாலும் கூச்சத்தால் அடங்கியது. படித்த குடும்பங்களில் பாடி அழுவது பட்டிக்காட்டுத்தனம் ஆயிற்று. பாட்டு தெரிந்த கிழவிகள் போனபின் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. குளிர்பதனப் பெட்டியின் கண்ணாடி உடலைத் தொட்டு அழுவதைத் தடுத்தது, எரிவாயு தகன மேடையின் நேர ஒதுக்கீடு புறப்பாட்டை விரைவுபடுத்தியது. தெற்கு மாவட்டங்களில் ஒலிபெருக்கியுடன் வரும் கூலிக் குழுக்களில், பெண் வேடமிட்ட ஆண்களே ஒப்பாரி பாடுவதும் உண்டு. வட சென்னையில் இரவு முழுவதும் பாடப்படும் மரண கானா அந்த இடத்தைத் தன் போக்கில் நிரப்பியது. யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டியின்போது வழங்கும் நினைவு மலர், தேவாரத் திரட்டையும் வம்சாவளியையும் வாழ்க்கைக் குறிப்பையும் ஒன்றாக அச்சிட்டுத் தந்து, துக்கத்தைப் படிக்கும் பொருளாக்கியது.

எல்லாக் கிரியைக்கும் ஓர் உடல் வேண்டும், அல்லது சாவு உறுதி என்ற அறிவாவது வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, அடையாளம் காணப்படாதவர்கள் பெருங்குழிகளில் சேர்த்துப் புதைக்கப்பட்டார்கள். கொள்ளி வைக்க வேண்டியவர்கள் கடற்கரையில் நின்று கடலை நோக்கி அழ நேர்ந்தது. இலங்கையில் போர் முடிந்த 2009க்குப் பின் நிலைமை இன்னும் கடினமானது. யாழ்ப்பாணத்து வழக்கப்படி ஆடி அமாவாசை இறந்த தந்தைக்கும் சித்திரா பௌர்ணமி இறந்த தாய்க்கும் உரிய விரத நாட்கள். சரணடைந்தபின் திரும்பி வராதவருக்கு அந்த விரதத்தைத் தொடங்குவது, அவர் இறந்துவிட்டார் என்று பிள்ளையே அறிவிப்பதாகும். 2016இல் இயற்றிய சட்டங்களின் வழியே இலங்கை அரசு காணாமல்போனோர் அலுவலகத்தையும், மரணச் சான்றிதழுக்கு மாற்றாகக் காணாமைச் சான்றிதழையும் ஏற்படுத்தியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகைகளில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார் பலர் இரண்டு சான்றிதழையும் ஏற்க மறுத்தார்கள். அவர்கள் கையில் படங்கள் இருந்தன. குருக்களை அழைக்கவில்லை, திதி குறிக்கவில்லை. அதிகாரிகளும் வெளிநாட்டுத் தூதர்களும் வந்தபோதெல்லாம் பிள்ளையின் பெயரைச் சொல்லி, ஒப்படைத்த இடத்தையும் நாளையும் சொல்லி, எங்கே என்று கேட்டு அழுதார்கள்.